கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா? வகுப்பறை ஸ்லைடு: கேள்வி–பதில்

ஸ்மார்ட் போர்டும் புரொஜெக்டரும் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஸ்லைடு தயாரிப்பது குறித்து அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் வகுப்பில் 65 இன்ச் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. எழுத்தளவு 24 வைத்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் தெரியவில்லை என்கிறார்கள். சரியான அளவு என்ன?
– அறிவியல் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

எல்லா வகுப்புக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. திரை எவ்வளவு உயரம், கடைசி பெஞ்ச் எவ்வளவு தொலைவு என்பதைப் பொறுத்தது. கணக்கு எளிதுதான். கடைசி பெஞ்சின் தூரத்தை 200ஆல் வகுத்தால், திரையில் எழுத்துக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் வரும். 20 அடி, அதாவது 6 மீட்டர் தூரம் என்றால் 3 சென்டிமீட்டர்.

65 இன்ச் போர்டின் திரை உயரம் சுமார் 81 செ.மீ. பவர்பாயின்ட் ஸ்லைடின் உயரம் 540 பாயின்ட். ஆக, ஒரு பாயின்ட் திரையில் 1.5 மில்லிமீட்டர். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: எழுத்தளவு 24 என்றால் ‘க’ என்ற எழுத்தே 24 பாயின்ட் உயரம் வந்துவிடாது. மேலே வரும் புள்ளிக்கும் ‘கி’, ‘கீ’யின் வளைவுக்கும், கீழே இறங்கும் உகரத்துக்கும் இடம் விட்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். 24 பாயின்டில் உங்கள் ‘க’ 1.8 செ.மீ. உயரம்தான் இருந்திருக்கும். 3 செ.மீ. வேண்டுமென்றால் 40 பாயின்ட் வைக்க வேண்டும். 75 இன்ச் போர்டுக்கு 36 போதும். 4 அடி உயரத்துக்கு வீசும் புரொஜெக்டரில், 24 அடி நீள அறைக்கு 32க்குக் குறையக் கூடாது.

40 பாயின்டில் ஒரு வரிக்கு நான்கு தமிழ்ச் சொற்கள் அடங்கினால் அதிகம். ஐந்து வரி எழுதினால் இருபது சொல். ஒரு ஸ்லைடின் கொள்ளளவே அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத இருந்தால் அடுத்த ஸ்லைடுக்குப் போங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். பெட்டிக்குள் எழுத்து நிரம்பியதும் பவர்பாயின்ட் தானாகவே அளவைக் குறைத்துவிடும். ‘ஆட்டோஃபிட்’ என்ற அந்த வசதியை முதல் வேலையாக அணைத்து வையுங்கள்.

வரி இடைவெளி 1.2 முதல் 1.3 வரை இருக்கட்டும். ஆங்கிலத்துக்கென அமைத்த இடைவெளியில் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். அடிக்கோடு வேண்டவே வேண்டாம். ‘து’, ‘ரு’ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை அது வெட்டிவிடும்; ‘ரு’வா ‘ர’வா என்றே தெரியாது. அழுத்தம் தர வேண்டிய சொல்லுக்கு வேறு நிறம் கொடுங்கள், அல்லது தடித்த எழுத்தாக்குங்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. 14 இன்ச் லேப்டாப்பில் ஸ்லைடை முழுத்திரையாக்கிவிட்டு 4 அடி 3 அங்குலம் தள்ளி நில்லுங்கள். 65 இன்ச் போர்டை 20 அடியிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியுமோ, உங்களுக்கும் அப்படியே தெரியும்.

வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடுகள் பள்ளிக் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகின்றன. எழுத்துருவை அங்கேயும் நிறுவினால் போதுமா?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

அந்தக் கணினிக்குப் போதும். அடுத்த கணினியில் மறுபடியும் இதே சிக்கல் வரும். ஸ்மார்ட் போர்டில் பெரும்பாலும் நிறுவவும் முடியாது. காரணம் எழுத்துருவின் அமைப்பிலேயே இருக்கிறது. பாமினியில் ‘அம்மா’ என்று அடிக்கும்போது கோப்பில் தமிழ் பதிவாவதில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் பதிவாகின்றன. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது. தேடலும் நடக்காது, மொழிபெயர்ப்புக் கருவிகளுக்கும், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான்களுக்கும் புரியாது.

தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாறிவிடுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. என்ஹெச்எம் ரைட்டர், இ–கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலுமே பாமினி விசை அமைப்பு உண்டு. அதே விசைகளைத் தட்டினால் யூனிகோடு எழுத்து விழும். பழைய கோப்புகளை என்ஹெச்எம் கன்வர்ட்டரில் மாற்றலாம். ஒரு ஸ்லைடில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் மொத்தமாக மாற்றாமல், தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். இல்லையென்றால் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும்.

யூனிகோடிலும் எழுத்துருத் தேர்வு முக்கியம். விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. நிர்மலா யூஐ மட்டும் கணினியோடு வருகிறது. ஆண்ட்ராய்டில் இயங்கும் போர்டில் பொதுவாக நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கும். எழுத்துரு மாறும்போது எழுத்தின் அகலமும் மாறும். நான்கு வரி ஐந்தாகி, படத்தின் மேல் ஏறிவிடும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வரி அளவு இடம் காலியாக இருக்கட்டும். கோப்பைச் சேமிக்கும் முன் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். கூடவே பிடிஎஃப் பிரதி ஒன்றும் பென் டிரைவில் இருக்கட்டும். போர்டு எதுவானாலும் அந்தப் பிரதி குலையாது.

பாடநூலின் முக்கிய வரிகளை எல்லாம் ஸ்லைடில் போட்டு, வாசித்து விளக்குகிறேன். பத்து நிமிடத்தில் வகுப்பு களைத்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?
– பத்தாம் வகுப்பு ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

கண் வாசிக்கும் வேகமும் வாய் வாசிக்கும் வேகமும் வேறு. நீங்கள் இரண்டாம் வரியில் இருக்கும்போது நன்றாக வாசிக்கும் பிள்ளை ஸ்லைடை முடித்திருப்பாள். தடுமாறும் பிள்ளை முதல் வரியிலேயே நின்றிருப்பான். இருவருக்குமே உங்கள் குரல் இடைஞ்சல். பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்: படமும் அதற்கான பேச்சும் சேர்ந்தால் கற்றல் நன்றாக நடக்கிறது, அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் போட்டால் குறைகிறது. படத்தைப் பார்க்க வேண்டிய கண் வரியை வாசிக்கப் போய்விடுகிறது.

உங்கள் ஸ்லைடு மூன்று வேலைகளைச் சுமக்கிறது. நீங்கள் மறக்காமலிருக்கக் குறிப்பு, பிள்ளைகள் பிறகு படிக்க நோட்ஸ், வகுப்பில் பார்க்கக் காட்சி. மூன்றையும் பிரித்துவிடுங்கள். உங்கள் குறிப்பு, ஸ்லைடுக்குக் கீழே உள்ள நோட்ஸ் பகுதிக்குப் போகட்டும். பிள்ளைகளின் நோட்ஸ் ஒரு தாளாகட்டும். பாடநூலே கையில் இருக்கும்போது பல பாடங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. திரையில் காட்சி மட்டும் மிஞ்சட்டும்.

இதயத்தின் இரட்டைச் சுற்றோட்டத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஸ்லைடில் ‘இதயம்’ என்று தலைப்பு, கீழே ஒன்பது வரி, மூலையில் தபால்தலை அளவில் ஒரு படம். இதை ஆறு ஸ்லைடாக்கலாம். ஆறிலும் ஒரே படம், ஒரே இடத்தில், திரையின் முக்கால் பங்கை அடைத்தபடி இருக்க வேண்டும்.

முதல் ஸ்லைடில் பெயர் குறிக்காத வெறும் இதயப்படம். மேலே ஒரு கேள்வி: ‘நான்கு அறைகள் எதற்கு?’ இரண்டாவதில் வலது ஆரிக்கிளுக்கும் அதில் வந்து சேரும் இரு பெருஞ்சிரைகளுக்கும் மட்டும் நிறம். மூன்றாவதில் வலது வெண்ட்ரிக்கிளும் நுரையீரல் தமனியும். நான்காவதில் நுரையீரல் சிரைகளும் இடது ஆரிக்கிளும். ஐந்தாவதில் இடது வெண்ட்ரிக்கிளும் பெருந்தமனியும். ஏற்கெனவே பேசிய பகுதி வெளிறிய நிறத்தில் நிற்கட்டும். இப்போது பேசும் பகுதி மட்டும் அழுத்தமாக. தலைப்பாக ‘இதயம்’ என்ற ஒற்றைச் சொல் வேண்டாம், அந்த ஸ்லைடில் பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி வாக்கியமாக இருக்கட்டும்: ‘வலது பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது’. ஆறாவதில் மறுபடியும் பெயரில்லாத படம். இப்போது பெயர் சொல்வது வகுப்பின் வேலை.

பாகத்தின் பெயரைப் பாகத்தின் மேலேயே, அல்லது ஒட்டினாற்போல எழுதுங்கள். 1, 2, 3 என்று எண் போட்டு ஓரத்தில் பட்டியல் தருவது தேர்வுத்தாளுக்குச் சரி. கற்பிக்கும்போது கண் படத்துக்கும் பட்டியலுக்குமாக அலைந்தே ஓய்ந்துபோகும்.

இந்தப் பாடத்தில் ஸ்லைடே தவறாகக் கற்பித்துவிடும் இடங்கள் மூன்று உண்டு. படத்தில் இதயத்தின் வலப்பக்கம் நமக்கு இடக்கைப் பக்கம் வரும். ‘வலது’, ‘இடது’ என்று படத்தின் இரு ஓரத்திலும் பெரிதாக எழுதாவிட்டால் பாதி வகுப்பு மாற்றிப் படித்துவிடும். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துக்கு நீலம் தீட்டுவது வழக்கம். அந்த இரத்தம் நீலமில்லை, கருஞ்சிவப்பு. ‘நீலம் அடையாளத்துக்கு மட்டும்’ என்று அந்த ஸ்லைடிலேயே எழுதுங்கள். மூன்றாவது, இணையத்தில் கிடைக்கும் பல படங்களில் இரு வெண்ட்ரிக்கிள்களின் சுவரும் ஒரே தடிமனாக இருக்கும். இடது சுவர் தடித்திருக்க வேண்டும், உடல் முழுவதற்கும் தள்ளுவது அதுதானே. அப்படி வரையாத படம் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அனிமேஷன் போட்டுத் தயாரித்தவை ஸ்மார்ட் போர்டில் திறக்கும்போது ஒரேயடியாகத் தோன்றுகின்றன. சிலவற்றில் எழுத்தும் இடம் மாறுகிறது.
– பட்டதாரி ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

போர்டுக்குள் இருப்பது பெரும்பாலும் பவர்பாயின்ட் அல்ல, வேறொரு அலுவலக மென்பொருள். அனிமேஷனை அது தன் போக்கில் புரிந்துகொள்ளும், இல்லையென்றால் விட்டுவிடும். அனிமேஷனையே நம்பாமல் இருப்பதுதான் நிரந்தர வழி.

முழுப் படத்தையும் எல்லாக் குறிப்புகளோடும் முதலில் ஒரே ஸ்லைடில் செய்யுங்கள். கடைசிக் கட்டம் அது. பிறகு இடதுபக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்–டி அழுத்தினால் நகல் வரும். முன்னால் இருக்கும் நகலில் கடைசியாகத் தோன்ற வேண்டியதை நீக்குங்கள். அதை மறுபடி நகலெடுத்து, முன்னதில் அடுத்ததை நீக்குங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் எந்தப் பொருளும் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் எங்காவது ஒன்று நகர்ந்து, ஸ்லைடு மாறும்போது துள்ளும். இந்த முறையில் செய்ததை பிடிஎஃப் ஆக்கினாலும் படிப்படியாகவே விரியும். ஒரு படி பின்னால் போகவும் ஒரு தொடல் போதும்.

சுழன்று வருவது, பறந்து வருவது எல்லாம் வேண்டாம். அசைவு எதையாவது விளக்க வேண்டும். பிஸ்டன் மேலும் கீழும் போவதைக் காட்டினால் பாடம். தலைப்பு சுழன்று வந்தால் கண்ணைப் பறிக்கும், அவ்வளவே.

புரொஜெக்டரில் நிறங்கள் வெளிறிப்போகின்றன. கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்தேன், லேப்டாப்பில் அழகாக இருந்தது.
– சமூக அறிவியல் ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. அந்த இடத்துக்கு ஒளியைக் குறைக்கத்தான் முடியும். கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் நாம் பார்ப்பது, அறையின் வெளிச்சம் விழுந்த வெள்ளைத் திரையைத்தான். ஜன்னல் திறந்த வகுப்பில் உங்கள் கருநீலம் சாம்பலாகிறது; மஞ்சளுக்கும் அதற்கும் இடையே வித்தியாசம் போய்விடுகிறது. வெளிச்சமான அறையில் வெள்ளை அல்லது வெளிர்ப் பின்னணி, கறுப்பு எழுத்துதான் நிற்கும். திரைக்கு நேர் மேலே உள்ள டியூப்லைட்டை மட்டும் அணையுங்கள். அறை முழுக்க இருட்டாக்கினால் பிள்ளைகளால் எழுத முடியாது.

சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து எதையும் வேறுபடுத்தாதீர்கள். சிவப்பு–பச்சை நிறக்குறை ஆண்பிள்ளைகளிடம் கூடுதலாக உண்டு. பலருக்கு அது இருப்பதே வீட்டில் தெரியாது. வரைபடத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் தொடர்கோடு, வடகிழக்குப் பருவக்காற்றுக்கு விட்டுவிட்டு வரும் கோடு என்று வடிவத்தையும் மாற்றுங்கள். வேண்டுமானால் பிறகு நிறம் சேர்க்கலாம். வெள்ளையில் மஞ்சள் எழுத்தும், நீலத்தில் சிவப்பு எழுத்தும் எந்தத் திரையிலும் கூடாது.

இன்னொன்று: பழைய புரொஜெக்டர்கள் பல 4:3 (அகலம்:உயரம்) வடிவத்தில் வீசுபவை. அதில் 16:9 ஸ்லைடைப் போட்டால் மேலும் கீழும் பட்டை விழுந்து, படம் முக்கால் உயரத்துக்குச் சுருங்கிவிடும். உங்கள் புரொஜெக்டர் எது என்று பார்த்து, ‘டிசைன்’ பகுதியில் ஸ்லைடு அளவை ஆரம்பத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். முடித்தபின் மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும்.

ஆங்கிலவழி வகுப்பில் தமிழில் விளக்கினால்தான் புரிகிறது. ஸ்லைடில் இரண்டு மொழியும் வைக்கலாமா?
– ஆசிரியை, சேலம்

வாக்கியங்களை இரண்டு மொழியிலும் எழுதினால் எழுத்து இரட்டிப்பாகும். பிள்ளைகள் தெரிந்த மொழியை மட்டும் வாசித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். திரையில் தேர்வு மொழி, வாயில் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் தொடக்கத்தில் ஐந்தாறு கலைச்சொற்களுக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரு ஸ்லைடு போடலாம். அதே சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவையுங்கள். ஸ்லைடு நகர்ந்துவிடும், பலகையில் எழுதியது பாடவேளை முழுக்க நிற்கும்.

கணக்குப் பாடத்துக்கு ஸ்லைடு உதவுமா?
– கணித ஆசிரியர், மதுரை

வடிவங்களுக்கும் வரைபடங்களுக்கும் மிக நன்றாக உதவும். படிப்படியாகப் போட வேண்டிய கணக்குக்குக் கரும்பலகைதான். நீங்கள் எழுதும் வேகமும் பிள்ளை யோசிக்கும் வேகமும் ஒத்துப்போகும். நீங்கள் தயங்கும் இடம், அடித்து எழுதும் இடம் எல்லாமே பாடம். கேள்வியையும் படத்தையும் திரையில் நிறுத்திவிட்டு, பக்கத்துப் பலகையில் விடையைப் போடுங்கள்.

நாற்பது நிமிடப் பாடவேளைக்கு எத்தனை ஸ்லைடு? பிள்ளைகள் எழுதி முடிக்கும் முன் மாற்றிவிடுகிறேன் என்று புகார்.
– ஆசிரியர், கடலூர் மாவட்டம்

படிப்படியாக விரியும் நகல்களை ஒன்றாகக் கணக்கிட்டால் எட்டு முதல் பத்து போதும். எண்ணிக்கையைவிட உங்கள் இரண்டாவது வரிதான் முக்கியம். பிள்ளை எழுதும்போது கேட்பதில்லை. எழுதும் நேரத்தையும் கேட்கும் நேரத்தையும் பிரியுங்கள். எழுத வேண்டிய ஸ்லைடுகளின் மூலையில் பென்சில் குறி ஒன்று எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அது இல்லாத ஸ்லைடில் யாரும் பேனாவைத் தொட வேண்டியதில்லை என்று பழக்குங்கள். குறி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வரிசைகளுக்கு இடையே நடங்கள். கடைசிப் பிள்ளை எழுதி முடித்ததும் தொடருங்கள்.

படம் வரைய வேண்டிய பாடமென்றால், அரைப்பக்கத் தாளில் வெறும் கோட்டுப்படம் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். பாகம் குறிப்பதை மட்டும் அவர்கள் செய்யட்டும். ஸ்லைடுகளையே ஆறு ஆறாக அச்சடித்துக் கொடுப்பது வீண். எழுத்தும் தெரியாது, பேச்சில்லாமல் பொருளும் விளங்காது.

விளக்கம் நீளும்போது விசைப்பலகையில் ‘பி’யை அழுத்துங்கள். பவர்பாயின்ட் திரை கறுப்பாகும், கண்கள் உங்களிடம் திரும்பும். மறுபடி அழுத்தினால் விட்ட ஸ்லைடு வரும்.

இடையிடையே கேள்வி ஸ்லைடு போடுகிறேன். முதல் பெஞ்சில் இருக்கும் இரண்டு பேர்தான் பதில் சொல்கிறார்கள்.
– ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில் வாய்வழியாக வரும்வரை அப்படித்தான் இருக்கும். நான்கு விடைகளை 1 முதல் 4 வரை எண்ணிட்டுப் போடுங்கள். நீங்கள் சொல்லும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் விரலை நெஞ்சருகே காட்டட்டும். தலைக்கு மேல் தூக்கினால் பக்கத்தில் பார்த்து மாற்றிவிடுவார்கள். தவறான விடைகள் மூன்றும் பிள்ளைகள் உண்மையிலேயே செய்யும் தவறுகளாக இருக்க வேண்டும். ‘நுரையீரல் தமனியில் ஓடுவது?’ என்ற கேள்விக்கு ‘ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்’ என்ற விடை அப்படிப்பட்டது. தமனி என்றாலே ஆக்சிஜன் மிகுந்தது என்று மனப்பாடம் செய்தவர்கள் அத்தனை பேரும் அங்கே தெரிந்துவிடுவார்கள்.

கேள்வியைப் போட்டதும் அவசரப்படாதீர்கள். ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நான்கு விடைகளை வாசிக்க வேண்டிய ஸ்லைடுக்கு அரை நிமிடமாவது கொடுங்கள். சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே இருந்தால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களில் பரப்பிய முறை இது. ஐம்பது பேர் உள்ள வகுப்பிலும் நடக்கும், சத்தத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். மறுபடி கேட்க வேண்டியிருக்கும் என்பதால், விடையைக் கேள்வி ஸ்லைடிலேயே வைக்காமல் அடுத்த ஸ்லைடில் வையுங்கள்.

பாடநூல் பிடிஎஃபிலிருந்து எடுத்துப் போடும் படங்கள் மங்கலாக இருக்கின்றன.
– ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

திரையில் தெரியும் அளவிலேயே வெட்டி எடுப்பதால் வருவது. பிடிஎஃபை 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிட்டு வெட்டுங்கள். ஸ்லைடு முழுக்க வரும் படத்துக்கு 1920 பிக்சல் அகலம் வேண்டும், பாதி ஸ்லைடுக்கு 960 போதும். வெட்டிய படத்தில் பாடநூலின் சிறிய எழுத்துகளும் வந்திருக்கும். அவற்றை வெள்ளைப் பெட்டியால் மறைத்து, உங்கள் 36 அல்லது 40 பாயின்டில் மேலே எழுதுங்கள். கோப்பு கனத்துவிட்டால் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ பகுதியில் 150 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல்) தேர்ந்தெடுங்கள். 13.33 அங்குல ஸ்லைடுக்கு அது 2000 பிக்சல், போர்டின் திரைக்குத் தாராளம். அதற்கும் கீழே உள்ள 96ஐத் தொட வேண்டாம். ஒருமுறை சுருக்கிச் சேமித்துவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து பழைய தெளிவு திரும்ப வராது.